அம்மனுக்கு நேர்ந்த தேன்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முன்னுக்குச் சொல்ல வேண்டியதை மறந்து பின்னுக்குச் சொல்லுவேன். அடியார்கள் பொறுக்க வேண்டும். கோயிலில் ஆட்களுக்கு முன் எழுந்து பேசக் கூச்சம், அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் ஊர் சரவணை. என் வீட்டுக்காரருக்குக் கனகாலமாக நீரிழிவு. இன்சுலின் ஊசி போடுகிறவர். போன வருடம் சீனி இறங்கிக் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். அன்று பிடித்த பயம். அவர் கண்ணயர்ந்தால் மூச்சு வருகிறதா என்று கிட்டப் போய்ப் பார்ப்பேன்.

கனடாவில் இருக்கும் மகள் ஒரு சென்சர் அனுப்பினாள். பெரிய பொத்தான் மாதிரி, கையில் ஒட்டுவது. சீனியின் அளவைப் போனில் காட்டும். குறைந்தால் கத்தும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்புக்குறி கீழே பார்த்தால் ஆபத்து என்று மகள் சொல்லித் தந்தாள்.

"இப்ப நீ என்னைப் பாக்கிறேல்லை, போனைத்தான் பாக்கிறாய்" என்று அவர் பகிடி பண்ணுவார்.

அவருடைய காலில் ஒரு புண் மாறாமல் இருந்தது. மாறினால் அபிஷேகத்துக்குத் தேன் தருவேன் என்று நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்தேன். மாறியது. இந்த ஆனித் திருவிழாவுக்குத் தேனோடு புறப்பட்டோம். சாப்பிடாமல் போய்த்தான் நாங்கள் கும்பிடுவது. அவரும் விரதம். ஆனால் விடியப் பழக்கத்தில் ஊசியைப் போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. குறிகாட்டுவான் துறையில் நல்ல சனம். வெயிலுக்குள் நெடுநேரம் நின்றுதான் வள்ளம் ஏறினோம்.

நடுக்கடலில் பைக்குள் போன் கத்தியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்பு நேரே கீழே. அவருக்கு வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது.

"ஊசி போட்டனீங்களோ?"

"ஓம்... போட்டிட்டன்." நாக்குக் குழறியது.

என்னிடம் வேறு இனிப்பு இல்லை. மடியில் தேன் போத்தல். அம்மனுக்கு நேர்ந்ததை அம்மனுக்கு முன் மனிசர் தொடலாமா? கை போகவில்லை. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. தாயே, நான் என்ன செய்ய, நீயே சொல்லு என்று அழுதேன்.

பக்கத்தில் பிள்ளையோடு இருந்த பெண், முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்ன யோசிக்கிறியள்? மனுசனுக்குக் குடுங்கோ. அம்மன் கேட்டா நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

மூடியில் ஊற்றி ஊற்றிப் பருக்கினேன். அவர் விழுங்கினார். இறங்குதுறைக்கு வந்து கொஞ்ச நேரத்தால் அம்பு கீழே பார்ப்பதை விட்டுப் படுத்தது. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண் காரைநகராம், பிள்ளையின் நேர்த்திக்கு வந்தவளாம். அம்மனே அவளாய் வந்தா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாயில் வந்தது அம்மன் சொல்.

மிச்சத் தேனோடு ஐயரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் போத்தலை அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் திருப்பித் தந்தார்.

"இது பிரசாதம். பையிலேயே வைச்சிருங்கோ."

இப்போது என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் ஊசி போடுவதில்லை. பயம் எனக்குப் போகவில்லை. ஆனால் பயத்தோடு கூப்பிட்டாலும் அம்மன் கேட்பா என்று தெரியும். நீங்களும் கூப்பிடுங்கள்.

சென்சர் விஷயம் பிழையாக எழுதியிருப்பேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். தேன் கொடுத்ததை மட்டும் திருத்த வேண்டாம்.