சயாமா கொடுக்காத பெயர்கள்

சயாமாவை நினைத்தால் அந்த மண்பானைதான் முதலில் கண்ணில் நிற்கிறது. ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் நாங்கள் வேலை பார்த்த தையல் ஃபேக்டரியில், சுவரோரமாக மூடி போட்டு வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானை. மெஷினில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் அதில் மொண்டு குடிப்பார்கள். நின்றுகொண்டே நூல் வெட்டுகிற நாங்கள் கழிவறைப் பக்கத்துக் குழாயில் கையேந்திக் குடிப்போம். துணி சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்த சயாமா, முதல் நாள் மதியமே இரண்டுக்கும் நடுவில் நின்று, யார் எங்கே போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து தமிழில் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பானைத் தண்ணிய நீங்க குடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னாங்க?" யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதில்லை. மேனேஜர்கூட.

அவர் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவர், வெளிநாட்டிலும் படித்துத் திரும்பியவர் என்பதைப் பிறகு அவரே எங்களிடம் சொன்னார். எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின் கல்லூரிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம் அது. பாடம் சொல்ல வகுப்பில்லாமல் ரங்கூன் போட்டாதாங்கில் வாடகை அறையில் தனியாக இருந்தார். ஏழைகள் கூடி வேலை செய்கிற இடத்தில், அவர்களுக்குள்ளேயே மேல் கீழ் எப்படி முளைக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "இங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா நாலு பேரு கூடுனா ஒரு வரிசை வந்துடுது. அது எங்கேருந்து வருதுன்னு பாக்கத்தான் வந்தேன்" என்பார். பர்மியப் பெண்களோடு சேர்ந்து தமிழர்களான நாங்களும் அவரைச் சயாமா என்றே அழைத்தோம். ஆசிரியைக்கு அங்கே அதுதான் பேர். எங்களைப் பார்த்துப் படிக்க ஒருத்தர் வந்திருக்கிறார் என்பது முதலில் கூச்சமாகவும், போகப்போகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என் நாத்தனாரும் என்னோடு நூல் வெட்டினாள். ஆற்றங்கரை ஊரான கியாக்தானிலிருந்து பிழைப்புத் தேடி ஒன்றாக வந்தவர்கள் நாங்கள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஆறாம் மாதம். ஒரு கோடை மதியம், தகரக் கூரையின் வெக்கையில், கையில் கத்தரியோடு அப்படியே சரிந்தாள். விழும்போது மேஜை விளிம்பு பட்டு நெற்றி கிழிந்து, கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தின்மேல் ரத்தம் வழிந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எழுந்தவளை மறுபடி நிற்கச் சொன்னார் சூப்பர்வைசர். நூல் வெட்டுகிற அத்தனை பேரும் கத்தரியைக் கீழே வைத்தோம். உட்கார்ந்து வெட்ட ஒரு பலகை போடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றோம். மெஷின்கள் நின்றுவிடும் என்று நினைத்தோம். ஒரு மெஷினும் நிற்கவில்லை. தைக்கிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை எங்களுக்குக் கேட் திறக்கவில்லை. சயாமா மட்டும் உள்ளே போகலாம் என்றான் வாட்ச்மேன். போனவர் வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மேனேஜர் பாதிப் பேர எடுத்துக்கிறாராம். யாரு யாருன்னு நாளைக்கு நான் பேர் குடுக்கணுமாம்."

அன்று சாயங்காலம் எங்கள் அறையில் எல்லோரும் கூடினோம். மழை வருகிற மாதிரி புழுக்கம். சயாமா கதவோரமாக உட்கார்ந்தார். முதலில் எல்லோரும் அழுதார்கள். அப்புறம் மெதுவாகப் பெயர்கள் வர ஆரம்பித்தன. பர்மியப் பேச்சுச் சரளமாக வருகிறவர்கள் முதலில் போகட்டும் என்றாள் ஒருத்தி. அதனால் என் பேர் முன்னால் வந்தது. அடையாள அட்டை சரியாக இருப்பவர்கள் என்றாள் இன்னொருத்தி. நோயாளி வேண்டாம், கைக்குழந்தைக்காரி வேண்டாம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கடைசியில் என் நாத்தனாரைப் பார்க்காமலே ஒரு குரல் சொன்னது: "பிள்ளத்தாச்சி எப்படியும் ரெண்டு மாசத்துல நின்னுடுவா." அவள் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்காகத் தொடங்கியது இது.

சயாமா எழுந்தார். "இந்தப் பேருங்கள நான் கொண்டுபோக மாட்டேன்" என்றார். "எல்லாரையும் எடுங்கன்னு கேக்கறேன். அது மட்டுந்தான் என்னால முடியும்."

"சயாமா, உங்களுக்குச் சோறு இருக்கு. எங்களுக்கு?" என்று காலைப் பிடித்தாள் ஒருத்தி. அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார்.

மறுநாள் பெயர்ப் பட்டியல் இல்லாமல் உள்ளே போனார். அவர் வெளியே வந்தபோது அவருக்கும் வேலை இல்லை. எங்களில் ஒருவரையும் எடுக்கவில்லை. அந்த வாரமே நூல் வெட்ட வேறு பெண்கள் வந்துவிட்டார்கள், அவர்களும் நின்றுகொண்டே வெட்டினார்களாம். லைன் கார் நிறுத்தத்தில், வேனுக்குக் காத்திருந்த சயாமாவைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி அவர் காலடியில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனாள். நான் திட்டவில்லை. ஆனால் அவர் அறைக்கு நானும் போகவில்லை.

அறை வாடகை கொடுக்க வழியில்லாமல் கியாக்தானுக்கே திரும்பினோம். அந்த மழைக்காலம் கஞ்சியும் கீரையுமாகப் போனது. நாத்தனாருக்குப் பிறந்த ஆண் குழந்தை மழை விடுவதற்குள் போய்விட்டது. பட்டினியாலா காய்ச்சலாலா என்று சொல்ல அங்கே டாக்டர் இல்லை. அதன் பிறகு நாத்தனார் அதிகம் பேசுவதில்லை.

ஆற்று நடுவே இருக்கிற பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் படகேறுகிறவர்களிடம் மீனுக்குப் போடும் பொரி விற்று நான் பிழைத்தேன். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், படகுத்துறையில் என் முன்னால் வந்து நின்றார் சயாமா. பாதியாக இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆராய்ச்சியை எழுதி முடித்தீர்களா என்று கேட்டேன். "இல்ல. அந்தச் சாயங்காலத்துக்கு வந்ததும் கை நின்னுடுது" என்றார். எங்களில் ஒவ்வொருத்தரையும் தேடிப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு கேள்விதான் அவருக்கு.

"நான் பேர் குடுத்திருக்கணுமாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு ஒரு பொய் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது. "குடுத்திருக்கணும் சயாமா" என்றேன். "என் பேர் அதுல இருந்துச்சு. நான் வேலைக்குப் போயிருந்தா அந்தப் பிள்ளைக்குப் பால் வாங்கியிருப்பேன்."

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்த பதில் மாதிரிதான் வாங்கிக்கொண்டார். என் நாத்தனாரைப் போய்ப் பார்க்க வேண்டாம், அவள் தாங்கமாட்டாள் என்றேன்.

"இப்பத்தான் பாத்துட்டு வரேன்" என்றார். "அவ பேருதான் அதுல இல்லையே, அவளாவது குடுத்திருக்க வேணாம்னு சொல்லுவான்னு நெனச்சேன். அவளும் குடுத்திருக்கணும்னுதான் சொன்னா."