கரீம் சாரின் மேசையருகே

கரீம் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் போளூர் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழித்துக்கொண்டே, "கரீம் சார் காலைல மௌத்தாயிட்டாரு சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

அந்தக் கண்டக்டரும் எங்கள் டுடோரியலில் படித்தவர்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களுக்காகத் தேரடித் தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் அது நடந்தது. கரீம் சார் ஆங்கிலம், நான் கணக்கு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. எழுபதுகளிலிருந்தே அவர் பாடம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் எரிச்சல்தான்.

அவரிடம் படித்தவர்கள் ஹியரையும் லிசனையும் மறந்திருக்க மாட்டார்கள். "பெரிய கோயில் மணி அடிக்குது. நீ சும்மா இருந்தாலும் காதுல விழும். அது ஹியர். நான் சொல்றதுக்கு நீயா காது குடுக்கணும். அது லிசன். யாருக்குக் குடுத்தன்னு சொல்லணும் இல்ல? அதுக்குத்தான் லிசனுக்குப் பின்னால ஒரு 'டு'." யாராவது 'ஐ யாம் ஹியரிங்' என்று எழுதிவிட்டால், "தானா விழறதுக்கு நீ எதுக்குடா ஐ.என்.ஜி. போட்டு ஜாஸ்தி வேலை காட்டற?" என்பார். தட்டிக்கு இந்தப் பக்கம் என் மாணவர்கள் கணக்கை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

எண்பதுகளில் அவருக்குச் செவி மந்தமானது. சரியான விடையைத் தப்பு என்றார். ஒருநாள் ஒரு பெண் எழுந்துபோய் அவர் காதருகே சொன்னாள். பிறகு எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. விஷயம் டுடோரியல் முதலாளிக்கு எட்டியது. ஜூனில் வேறு ஆளைப் போடப்போவதாக என்னிடம் சொன்னார். கரீம் சாருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதலாளி நேரில் பார்க்க வந்தார். வகுப்பின் பின்னால் நின்று, "சார், இன்னைக்கு என்ன பாடம்?" என்றார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. முதலாளி மறுபடி கேட்டார். நான் தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் கண்டக்டரான அந்தக் கடைசி பெஞ்சுக்காரன்தான் எழுந்துபோய் அவர் காதில் சொன்னான்.

கரீம் சார் மறைக்கவில்லை. "காது கம்மியாயிடுச்சுங்க. பசங்க கிட்ட வந்து சொல்றாங்க. ஆனா ஒண்ணுங்க, முன்ன வாயே தொறக்காதவங்களும் இப்ப வர்றாங்க. தப்பா சொன்னா எனக்கு மட்டும்தானே தெரியும், எவனும் சிரிக்க மாட்டான். ஏற்கெனவே ஃபெயிலாயி வந்த புள்ளைங்க" என்றார். முதலாளி படியிறங்கிப் போனார். ஜூனில் வேறு ஆள் வரவில்லை; கடைசிவரை கரீம் சார்தான்.

இப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் வகுப்புக்குப் போனேன். மேசைக்கு அருகில் வந்து விடை சொல்லும்படி எல்லோரிடமும் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஏன் சார், இங்கருந்தே சொன்னா கேக்காதா?" என்றாள்.

என் காதில் ஒரு குறையும் இல்லை. "காது கம்மிம்மா" என்று சொல்லிவிட்டேன்.