கௌதாரிகளை மடியில் ஏந்தி வந்த அக்கா

எங்கள் அக்கா புதூர் பக்கத்துக் கரிசல் கிராமத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். ஓரிடத்தில் அவரால் உட்கார முடியாது. ஜன்னலுக்கு வெளியே கரிச்சான் குருவி வாலை ஆட்டினால் போதும், அக்காவின் கை அப்படியே நின்றுவிடுமாம். அதற்காக வாங்கிய திட்டுகளை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

கயத்தாறு பக்கம் வாழ்க்கைப்பட்டார். லாரி ஓட்டிய அத்தான் மாரடைப்பில் காலமான பிறகு, பிள்ளையில்லாத அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். என் புஞ்சையை ஒட்டியிருந்த தன் பங்கு நிலத்தில் உளுந்தும் பாசிப்பயறும் போட்டார். யாரிடமும் கையேந்தியதில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார்.

"எங்க போறக்கா?"

"கம்மாயில நாரை எறங்குதான்னு பாத்துட்டு வாரேன்லே."

எனக்கு எரிச்சலாக வரும். நான் பறவைகளை விரட்டுகிற ஆள்.

நான்கு வருடத்துக்கு முன், புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தேன். மயில்கள் வந்து கிளறித் தின்றுவிட்டன. மறுபடியும் விதைத்தேன். மறுபடியும் தின்றன. வானம் மூடிக்கொண்டு நின்றது. இந்த ஈரத்தை விட்டால் வருடமே போய்விடும். அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். பூச்சிமருந்தைப் பிசறிய சோளத்தை வரப்போரம் தூவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல இருந்தேன்.

மறுநாள் காலை அக்கா முந்தானையை மடித்துப் பிடித்தபடி வந்தார். மடியில் நான்கு கௌதாரிகளும் ஒரு புறாவும் கிடந்தன. ஒரு கௌதாரிக்கு இன்னும் கால் இழுத்துக்கொண்டிருந்தது.

"மயில் ஒண்ணு ஓடையில கெடக்கு. யாருலே மருந்து வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி வச்சிருப்பாவ."

சொல்லி முடிப்பதற்குள் அக்கா தெருவில் இறங்கிவிட்டார். அண்ணாச்சி தன் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நெஞ்சு எப்பிடி வந்துச்சு? வாயில்லா சீவனுக்கு மருந்து வைக்கீங்களே!"

தெருவே கூடிவிட்டது. அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். முந்தின சாயங்காலம் நான் தூவியதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

மத்தியானம், மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போன அக்கா தொழுவத்தில் மருந்து டப்பாவைப் பார்த்துவிட்டார். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அண்ணாச்சி வீட்டு முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. காலையில இத்தன பேரு முன்னால கேட்டேன்லா, இத்தன பேரு முன்னாலயே சொல்லுதேன். வச்சது எங்க வீட்டு ஆளு. என்னைய மன்னிச்சிருங்க."

அன்று பொழுது சாயும்வரை அக்கா வரப்பில் குனிந்து, நான் தூவியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கையில் பாலிதீன் பையைக் கட்டியிருந்தார். நான் போய்க் குனிந்தபோது என்னைத் தாண்டி அடுத்த வரப்புக்குப் போய்விட்டார். மூன்றாம் முறை விதைத்தேன். முளை வந்து நிமிரும்வரை, விடியுமுன்னே போய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு புஞ்சையைச் சுற்றிச் சுற்றி வந்தவரும் அக்காதான். என்னோடு மட்டும் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைப்பார், போய்விடுவார். எனக்கு வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை, புஞ்சையிலும் இருப்புக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் ஓடைப்பக்கமிருந்து ஓட்டமாக வந்தார்.

"ஏலே, பூனைப்பருந்து வந்துட்டு! அங்கன, தரிசுல, தரையோட தரையா பறக்கு. வா, பாரு!"

மழைக்காலத்தில் வடக்கேயிருந்து எங்கள் கரிசலுக்கு வந்து, தை மாசி வரை தங்கும் பருந்து அது. நான் செருப்புக்கூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். "சோளக்குருவி வந்திருக்கும்லே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று ஒரே பிடியாக நின்றார். கூட்டி வந்து கட்டிலை வேம்படியில் போட்டோம். கடைசிக்கு முந்தின நாள் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"ஆள்காட்டிக் குருவி கத்துது. யாரு வாரான்னு பாரு."

எழுந்து பார்த்தேன். புஞ்சை வழியாக அண்ணாச்சி இளநீரோடு வந்துகொண்டிருந்தார்.

அக்காவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கேட்ட நேரத்தில் ஆட்டோ கொண்டுவந்த தம்பிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அவர்தான் பேசிவிட்டாரே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். வெளியூர்ச் சொந்தங்களுக்கு இது எதுவும் தெரியாது. எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் அலைக்கழிந்து, இந்த நினைவுக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணாச்சியிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அவிய தெருவுல நின்னு சொன்னாவ. நீ தாள்ல சொல்லுததுக்கு என்னப்பா?" என்றார்.