கவ்வாத்து மலையில் கொழுந்து எடுத்தவர்

கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பிள்ளையை வேலைக்குப் பேர் பதிய வேண்டி வந்தது. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. பேர் பதிந்துவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது. மறுநாள் முதல் கூடைதான்.

பிள்ளையின் பெயர் செவந்தி. நாலாம் வகுப்பு. பிறப்புச் சான்று கிடையாது. அதனால் தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை வயதுக்குப் பதில் ஓர் அளவு வைத்திருந்தார். தேயிலைச் செடி பிள்ளையின் இடுப்புக்கு மேல் நின்றால் பேர் இல்லை.

காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவளுடைய அம்மா கருப்பாயி என்னிடம் வந்தாள்.

"ஐயா, வீட்டுல அஞ்சு வாயி. ஒரு பேரு கூடுனா அரிசி கூடும். பாத்து செய்யுங்க."

"நான் பள்ளிக்கூடம் போறேங்க ஐயா" என்றாள் செவந்தி, பின்னாலிருந்து.

"சும்மா இரு புள்ள! ஒங்கம்மா ஏழு வயசுல கூடை தூக்குனவ. நானும் அப்பிடித்தான், எங்கப்பனும் அப்பிடித்தான்" என்று அதட்டினார் ராமையா கங்காணி. கொழுந்தெடுக்கும் ஆட்களுக்கு அவர்தான் மேலாள். பிள்ளைகள் வேலைக்கு வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் அவருக்குத் தெரியாது.

பத்து மணிக்குத் துரையும் நானும் மலை, அதாவது கொழுந்தெடுக்கும் தேயிலைப் பகுதி, பார்க்கப் போனோம். ரோட்டோரத்தில் செவந்தி முதுகில் கூடையோடு நின்றாள். செடி அவள் முழங்காலைத்தான் தொட்டது.

"பாருங்க தொரைங்களே, எம்புட்டு ஒசரம்!" என்றார் கங்காணி.

துரை தலையசைத்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"கங்காணி, நிக்கச் சொன்னீங்க, நின்னுட்டேன். இதுல எதைக் கிள்ளுறது?" என்று கேட்டாள் செவந்தி.

அப்போதுதான் கவனித்தேன். அது கவ்வாத்து மலை. சில நாட்களுக்கு முன்புதான் செடிகளைக் கத்தியால் குட்டையாக வெட்டியிருந்தார்கள். ஓர் இலை இல்லை, வெறும் குச்சி.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"கங்காணி, கூடை நீ போடு. கொழுந்து எடு, பாப்பம்."

கங்காணி கூடையை மாட்டிக்கொண்டு குச்சிகளின்மேல் குனிந்தார். எதிர்மலையில் நின்ற பெண்கள் விடவில்லை.

"கங்காணி, முத்தல் எலை சேத்துறாதீங்க! நிறுவையில எடைய வெட்டிருவாங்க!"

துரை செவந்தியைப் பக்கத்து மலைக்கு அனுப்பினார். அங்கே செடிகள் நன்றாக ஓங்கி நின்றன. நிரைக்குள் போனவளைக் காணவில்லை.

"செவந்தி எங்கே?"

"இங்கதான் இருக்கேங்க தொரைங்களே!" என்றது செடி.

"ஸ்கூல்" என்றார் துரை. செடிக்குள்ளிருந்து வெளிப்பட்டவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கருப்பாயி சில நாட்கள் என்னைக் கண்டாலே வேறு நிரைக்கு மாறிப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சோறு குறைந்த வீட்டில் பிள்ளை சீக்கிரம் வளர்ந்தது போலத்தான் தெரியும்.

கங்காணியும் விட்டுவிடவில்லை. கவ்வாத்துச் செடிகள் மறுபடி கொழுந்து விட்டபின், அடிக்கடி செவந்தியைப் பிடித்து அந்த மலையிலேயே நிறுத்தி அளந்தார். அவள் வளர்ந்தாள், வெட்டிய செடியும் வளர்ந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை செடி அவளை முந்தவிடவில்லை.

புதிதாகக் கணக்கப்பிள்ளை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை வளர்ந்துவிட்டது என்று யாராவது காட்டினால், பிள்ளையைப் பார்க்கும் முன் பக்கத்தில் நிற்கும் செடியைப் பாருங்கள்.