அப்பா குடித்த உப்பு

உப்பு என்று பெயர் இருந்தால் அது தண்ணீரில் கரைந்தே தீரும் என்று பதின்மூன்று வயதில் நான் நம்பினேன். அந்த நம்பிக்கையால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க என் மானம் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு கேஸ்ட்ரிக். வயிற்றை எக்ஸ்ரே படம் எடுக்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு புட்டியிலிருந்து வெள்ளையாய் எதையோ கோப்பையில் ஊற்றி நீட்டினார். புட்டியில் பேரியம் என்று எழுதியிருந்தது. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதே பெயர் போட்ட புட்டியில் மண்டையோட்டுப் படம் இருக்கும்!

"மிஸ்ஸி, இது விஷம்!"

"அது வேற, இது வேற லா தம்பி. இதுவும் ஒரு உப்புதான், படத்துல வயிறு தெளிவா தெரியறதுக்கு. பயப்படாதே."

"தள்ளுடா. கேஸ்ட்ரிக் கொல்றதுக்கு இதுவே கொல்லட்டும்," என்று அப்பா மடமடவென்று குடித்தார். பட்டப்பகலில் ஒரு கொலை நடக்கிறது; பக்கத்து நாற்காலி அங்கிள் பேப்பரைப் புரட்டுகிறார்!

வீட்டுக்கு வந்ததும் அம்மா கல்லுப்பை அள்ளி, அப்பாவுக்குக் கண் பட்டது போகட்டும் என்று மூன்று முறை சுற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உப்பைக் காணோம். அப்பாவின் வயிற்றிலும் இப்போது இதுதானே நடக்கும்?

வாசலுக்கு ஓடினேன்.

"ஐயோ, அப்பா சாகப் போறாரு! யாராச்சும் லோரி எடுங்க!"

குவார்ட்டர்ஸே திரண்டது. எதிர்வீட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். கைலியை இறுக்கிக்கொண்டு அப்பா வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, "யாரு செத்தா?" என்றார்.

சிரித்தார்கள். ஒருவராவது விளக்கினாரா? சமையல் உப்பைத் தண்ணீர் இழுத்துப் பிரித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இருந்த பேரியம் குளோரைடும் அப்படியே. பிரிந்த பேரியம் ரத்தத்தில் ஏறும், ஆளைக் கொல்லும். அப்பா குடித்தது பேரியம் சல்ஃபேட். அதில் பேரியமும் சல்ஃபேட்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி, தண்ணீரின் இழுப்பைவிடப் பலமானது. வயிற்று அமிலத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து. "கரையாது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அந்த மிஸ்ஸிக்கு வாய் வலித்ததா?

மறுநாள் காலை கழிவறையிலிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குடித்தது கரையாமல், வெள்ளை வெளேரென்று, அப்படியே வெளியே வந்திருந்தது.