எல்லாம் ஒரு காரியத்துக்காகத்தான்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி இருந்தது. நடப்பதெல்லாம் ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் நடக்கிறது என்பார். சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார். வாய் சும்மா இருக்குமா? டிராமைத் தவறவிட்டால், அடுத்த டிராமில் பழைய சிநேகிதன் யாரோ வரப்போகிறான் என்று அர்த்தம். குடையைத் தொலைத்துவிட்டுத் தொப்பலாக வந்து நின்றால், எவனோ ஒரு ஏழை நனையாமல் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறான். பால் பொங்கி வழிந்தால் அது பூனைக்கு. "அப்போ பூனையையே கட்டிக்கிட்டிருக்கலாமே!" என்று எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம், நான் நிறைமாசம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. "பாரேன், நீ நிம்மதியாத் தூங்கணும்னுதான் ஊரே காலியாயிடுச்சு" என்றார். ஜப்பான்காரனையே எனக்காக வேலை வாங்கிய மனுஷன்!

பெண் பிறந்தது. ஞானஸ்நானம் கொடுத்து, இரண்டு மாதம் மடியில் வைத்திருந்தோம். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது.

எங்கள் மாதா கோயில் பங்கில், ஞானஸ்நானம் வாங்கிய பச்சைக் குழந்தை இறந்தால் துக்கமணி அடிக்கமாட்டார்கள். அது நேரே மோட்சத்துக்குப் போய், தேவதூதர்களோடு ஒரு சம்மனசாகச் சேர்ந்துவிடும் என்று வெள்ளை உடுத்திப் பூமுடி வைப்பார்கள். தாய் அழக்கூடாது, அழுதால் குழந்தையின் இறக்கை நனைந்து பறக்க முடியாதாம். வந்த பெண்கள் என் கண்ணையே காவல் காத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பயமெல்லாம் அவரை நினைத்துத்தான். இதற்கும் ஒரு காரியம் சொல்லிவிட்டால், அந்த மனுஷனோடு இனி எப்படிக் குடும்பம் நடத்துவேன்?

கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாத கண்ணு. ஆண்டவருக்கு ஒரு சம்மனசு வேண்டியிருந்துச்சு, எடுத்துக்கினாரு. இன்னா வாத்தியாரே, நான் சொல்றது சரிதானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து வந்து, அத்தனை பெண்கள் நடுவே, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆண்டவருகிட்ட சம்மனசுக்கா பஞ்சம்? எங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு" என்றார். பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ அழும்மா" என்றார்.