பப்பாளி இலைக்குப் போன பெயர்

தட்டணுக்கள் குறைந்தால் டெங்குதான் என்பது எங்கள் பெரிய டாக்டரின் கட்சி. கோத்தகிரிக் குளிரில், காய்ச்சலே இல்லாதவளுக்கும் டெங்குவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கட்டபெட்டுப் பக்கம் கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவள். ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டுவந்தோம். ஒரு வாரத்தில் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அடிபடாத காலும் வீங்கியது, ஸ்கேனில் ரத்தக்கட்டி. அபூர்வமாகச் சிலருக்கு ஹெப்பாரினே எதிரியாகிவிடும். தட்டணுக்களையும் குறைக்கும், ரத்தத்தையும் உறையவைக்கும். எவ்வளவு இறங்கியது, எப்போது இறங்கியது, புதிதாக எங்காவது உறைந்ததா, வேறு காரணம் உண்டா என்று எப்படிப் பார்த்தாலும் சந்தேகம் அந்த ஊசிமேல்தான் விழுந்தது. அசட்டையாக விட்டால் கால் போகும், உயிரும் போகலாம்.

"தட்டணு ஏத்துங்க" என்றார் பெரியவர்.

"ஏத்த மாட்டேன் சார். ஏத்தினா இன்னும் உறையும். ஹெப்பாரினை நிறுத்தறேன்."

"நேத்து வந்த பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குதா?"

"கோயமுத்தூர்ல இருந்து டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் சார். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஏறாது."

இதற்குள் அவள் கணவர் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போய்ப் பப்பாளி இலையோடு வந்துவிட்டார். மலைக் குளிரில் பப்பாளிக்கு எங்கே போவது? "ஒரு முழுங்கு குடுக்கட்டுங்களா டாக்டரம்மா?" என்றார். கொடுங்கள் என்றேன். என் சண்டை இலையோடு இல்லை.

வேறு மருந்து வரவழைத்துத் தொடங்கியும் தட்டணுக்கள் ஏறவில்லை. கட்டிலருகே போய் நின்றேன். அவள் கையில் செருகியிருந்த ஊசிக்குழாய் அடைக்காமலிருக்க நர்ஸ் அதில் எதையோ செலுத்திக்கொண்டிருந்தார்.

"அதுல என்ன?"

"ஹெப்பாரின் தண்ணிதானுங்க டாக்டர். எப்பவும் இதுலதானுங்களே கழுவுவோம்."

சிரிஞ்சைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இனி உப்புத்தண்ணீர் மட்டும் என்றேன். கட்டிலின் தலைமாட்டில், 'ஹெப்பாரின் ஒரு துளியும் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். பெரியவர் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கவில்லை.

தட்டணுக்கள் ஏறின, வீக்கம் வடிந்தது. ரிசல்ட்டும் என் பக்கம்தான் வந்தது. "பப்பாளி இலைன்னா சும்மாவாங்க?" என்றார் கணவர். பெரியவரும் தலையாட்டினார். பெயர் யாருக்கோ போகட்டும். ஆனால் தனக்கு ஆகாத ஊசிமருந்தின் பெயரை அவள் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினேன்.

பிறகொரு நாள் கணவர் வந்து புலம்பினார். கோயமுத்தூரில் வேறொரு ஆஸ்பத்திரியில், சிரிஞ்சோடு வந்த நர்ஸின் கையை இவள் தட்டிவிட்டாளாம்.

"ஹெப்பாரின் எனக்கு ஆவாது, உங்க பெரிய டாக்டரையே வரச் சொல்லுங்கன்னு ஒரே கத்துங்க. மானமே போச்சுங்க டாக்டரம்மா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போனாப் போகுதுங்க. நல்லாக் கத்தட்டும்" என்றேன்.